பில்ட் ஆகிறது, ஓட மாட்டேன் என்கிறது: ஆன்ட், மேவன், கிரேடில் கலந்த புராஜெக்டில் கிளாஸ்பாத் கோளாறுகள்

ஜாவா புராஜெக்ட் பில்ட் ஆகிவிடும்; ஆனால் ஓடும்போது கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியலான கிளாஸ்பாத் சரியில்லாவிட்டால் விழுந்துவிடும். ஆன்ட், மேவன், கிரேடில் என்ற பில்ட் டூல்கள் ஒரே புராஜெக்டில் கலந்தால் இது அடிக்கடி வரும். கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் கோளாறு பெரும்பாலும் இரண்டு வழியாக வந்து சேர்கிறது. நாகர்கோவிலில் மாடி வாடகைக்கு எடுத்து நடக்கும் சின்ன சாஃப்ட்வேர் அலுவலகங்கள், பத்துப் பதினைந்து வருடப் பழைய ஆன்ட் புராஜெக்டை வாடிக்கையாளரிடம் அப்படியே வாங்கி, அதன்மேல் மேவனையோ கிரேடிலையோ போர்த்துகின்றன. இன்னொன்று கல்லூரிக் கடைசி வருடப் புராஜெக்ட். சீனியர் தந்த ஃபோல்டர், எக்லிப்ஸ் எடிட்டரில் கையால் சேர்த்த ஜார்கள் (கிளாஸ்களை அடைத்த லைப்ரரி ஃபைல்கள்), கைடு கேட்டதற்காகப் பிறகு நுழைத்த போம் ஃபைல் (மேவனின் பில்ட் ஃபைல்), மூன்றும் ஒரே இடத்தில் கிடக்கும்.

ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்பு மோதினால் எதை எடுப்பது என்பதில் ஒவ்வொரு டூலுக்கும் ஒவ்வொரு வழக்கம். அதனால் பில்ட் ஃபைலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் பாதி நாள் போய்விடும். ஓடும்போது அந்த கிளாஸ் எந்த ஜாரிலிருந்து வந்தது என்று பாருங்கள். கீழே உள்ளவற்றில் பாதிக்கு மேல் அங்கேயே பிடிபடும்.

உதாரணத்துக்கு ஒரு புராஜெக்டை எடுத்துக்கொள்வோம்: ரப்பர் ஷீட் கொள்முதல் கணக்கு. ஷீட்டின் எடை, தரம், ஒட்டுப்பால் எடை பதிந்து, மாதக் கடைசியில் எக்செல் ஃபைலாகத் தர வேண்டும். பழைய ‘லிப்’ ஃபோல்டர் நிறைய ஜார், புதிதாக ஒரு போம் ஃபைல்.

எந்த எரராக இருந்தாலும் முதலில் இது

மேவனையும் கிரேடிலையும் வெர்ஷன் கேட்டால் எந்த ஜாவாவில் ஓடுகிறோம் என்பதையும் சேர்த்தே சொல்லும். ஆன்ட் வெர்ஷன் கேட்டால் ஆன்டின் எண்ணை மட்டும் தரும். ஜாவாவைத் தெரிந்துகொள்ள ‘டயக்னாஸ்டிக்ஸ்’ ஆப்ஷன் போட வேண்டும். மூன்றும் ஒரே ஜாவாவைச் சொல்லவில்லை என்றால் எந்த ஜாவா என்று காட்டும் ஜாவா ஹோம் செட்டிங்கைச் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்தது. கிரேடிலுக்கு ஒருமுறை ‘ஸ்டாப்’ கொடுத்து, பின்னணியில் ஓடும் பழைய டீமனையும் நிறுத்திவிடுங்கள்.

அறிகுறி: கரண்ட் போய் வந்த பிறகு பில்டே ஆகவில்லை

ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் இது வரிசையாக வரும். எரர் ‘ஜிப் எண்ட் ஹெடர் நாட் ஃபவுண்ட்’ என்றோ, ‘எரர் இன் ஓப்பனிங் ஜிப் ஃபைல்’ என்றோ இருக்கும். ஜார் பாதி இறங்கும்போது லைன் அறுந்திருக்கிறது.

எரரிலேயே ஜாரின் முழுப் பாதை இருக்கும். அந்த ஃபைலின் அளவைப் பாருங்கள். பூஜ்ஜியமோ சில கேபியோ இருந்தால் நோட்பேடில் திறந்து பாருங்கள். கல்லூரி வைஃபையில் லாகின் செய்யாமல் பில்ட் போட்டிருந்தால், ஜார் என்ற பெயரில் லாகின் பக்கத்தின் எச்டிஎம்எல் வந்து உட்கார்ந்திருக்கும். மேவன் 3 செக்சம் (ஃபைல் சரியாக வந்ததா என்று பார்க்கும் எண்) பொருந்தாவிட்டாலும் எச்சரித்துவிட்டு மேலே போய்விடும் என்பதால் அன்று யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பெரிய எழுத்து ‘சி’ ஆப்ஷன் போட்டால் அங்கேயே நிறுத்தும்.

அந்த ஒரு பதிப்பின் ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டு மறுபடி பில்ட் போடுங்கள். மேவன் இறக்கிய ஜார்களை வைத்திருக்கும் ‘எம்2’ ஃபோல்டர் (லோக்கல் ரெப்பாசிட்டரி) முழுவதையும் அழிப்பது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது. அதுவும் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்பவருக்கு அன்றைய டேட்டா அதோடு தீர்ந்தது. கிரேடிலும், ஆன்டுக்காக ஜார்களை இறக்கும் ஐவியும் தனித்தனி கேஷ் வைத்திருக்கின்றன. மேவனில் அழித்தது கிரேடிலில் அழியாது.

ஃபைலே இல்லை, ‘லாஸ்ட் அப்டேட்டட்’ என்று முடியும் ஒரு துண்டு ஃபைல் மட்டும் இருக்கிறதா? போன முறை கிடைக்கவில்லை என்பதை மேவன் குறித்து வைத்திருக்கிறது. நெட் வந்த பிறகும் அது தானாகத் திரும்பக் கேட்காது. பெரிய எழுத்து ‘யூ’ ஆப்ஷனோடு ஓட்டுங்கள்.

நெட் நன்றாக இருந்தும் ‘501’ என்று திரும்பி வந்தால் விஷயம் வேறு. ஜார்களைத் தரும் பொது சர்வரான மேவன் சென்ட்ரல் 2020 ஜனவரி 15 முதல் எச்டிடிபிஎஸ் இல்லாத கோரிக்கைகளை ஏற்பதில்லை. பழைய போம் அல்லது ஐவி செட்டிங்ஸில் முகவரி வெறும் எச்டிடிபி என்று இருக்கும். ஒரு எழுத்து சேர்த்தால் போதும்.

அறிகுறி: எக்லிப்ஸில் ஓடுகிறது, டெர்மினலில் ஓடவில்லை

எளிதிலிருந்து தொடங்குவோம்.

ஜார் ஃபைலை நேரடியாக ஓட்டும் ‘-ஜார்’ ஆப்ஷனோடு, கிளாஸ்பாத்தைச் சொல்லும் ‘-சிபி’யும் கொடுத்திருக்கிறீர்களா? ‘-ஜார்’ இருந்தால் ‘-சிபி’யையும் கிளாஸ்பாத் என்விரான்மென்ட் வேரியபிளையும் ஜாவா கண்டுகொள்ளாது. ஜாருக்குள் இருக்கும் குறிப்பு ஃபைலான மேனிஃபெஸ்டில் உள்ள ‘கிளாஸ்-பாத்’ வரி மட்டுமே செல்லும். மெயின் கிளாஸின் பெயரைக் கொடுத்து ‘-சிபி’யால் ஓட்டிப் பாருங்கள். ஓடினால் குற்றம் மேனிஃபெஸ்டில். அதைக் கையால் எழுதியிருந்தால் கடைசி வரிக்குப் பின் ஒரு என்டர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த வரி சத்தமில்லாமல் விழுந்துவிடும். ஜார்களுக்கு இடையில் வர வேண்டியது ஸ்பேஸ், கமா அல்ல.

விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்டை லினக்ஸில் ஓட்டுகிறீர்களா? அங்கே பாதைகளைப் பிரிப்பது அரைப்புள்ளி, இங்கே முக்காற்புள்ளி. ‘லிப்/*’ என்று எழுதினால் மேற்கோளுக்குள் போடுங்கள். இல்லாவிட்டால் ஷெல் அதைத் தானே விரித்துவிடும்.

அந்த ‘லிப்/*’ உள்ஃபோல்டருக்குள் இறங்காது. ஆன்டில் பலரும் எழுதும் ‘லிப்/**/*.ஜார்’ இறங்கும். யாரோ ‘லிப்’புக்குள் ‘பழையது’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு வேண்டாத ஜார்களைத் தள்ளி வைத்திருப்பார்கள். ஆன்ட் அதையும் சேர்த்துக் கம்பைல் செய்யும், ரன் ஸ்கிரிப்ட் அதைப் பார்க்காது. வேண்டாத ஜாரை ‘லிப்’புக்கு வெளியே எடுங்கள். பெயர் மாற்றினால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு, நீட்சி ‘.ஜார்’ என்று இருக்கும்வரை அது உள்ளேதான்.

இதெல்லாம் சரி என்றால், எக்லிப்ஸின் பில்ட் பாத்தில் மட்டும் சேர்த்த ஜார்களைத் தேடுங்கள். போமில் அவை இருக்காது. எக்லிப்ஸ் தன் கிளாஸ்களை ‘பின்’ ஃபோல்டரிலும், மேவன் ‘டார்கெட்’டிலும், கிரேடில் ‘பில்ட்’டிலும் போடும். மூன்றிலும் பழைய கிளாஸ் கிடந்தால், நீங்கள் திருத்தியது ஒன்று, ஓடுவது இன்னொன்று. மூன்றையும் அழித்துவிட்டு ஒரு டூலால் மட்டும் பில்ட் போடுங்கள்.

அறிகுறி: கம்பைல் ஆகிறது, ஓடும்போது கிளாஸ் இல்லை என்கிறது

இங்கே இரண்டு எரர் உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். ‘கிளாஸ் நாட் ஃபவுண்ட் எக்செப்ஷன்’ என்றால் பெயரைச் சொல்லித் தேடிய கிளாஸ் கிடைக்கவில்லை: பெயரில் எழுத்துப்பிழை, அல்லது ஜார் இல்லை. ‘நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்’ என்றால் கம்பைல் நேரத்தில் இருந்தது இப்போது இல்லை. இந்த இரண்டாவதோடு ‘குட் நாட் இனிஷியலைஸ் கிளாஸ்’ என்று வந்தால் ஜார்களைக் கிளறாதீர்கள். கிளாஸ் இருக்கிறது, அதன் ஸ்டாட்டிக் பகுதி முதல்முறை ஓடும்போது விழுந்திருக்கிறது. லாகில் மேலே போய் அதே கிளாஸ் பற்றிய முதல் எரரைத் தேடுங்கள், உண்மைக் காரணம் அங்கே இருக்கும்.

ஜார்தான் இல்லை என்றால் ஸ்கோப்பை (எந்தக் கட்டத்துக்கு அந்த ஜார் வேண்டும் என்று சொல்வது) பாருங்கள். மேவனில் ‘புரொவைடட்’, கிரேடிலில் ‘கம்பைல் ஒன்லி’ என்று இருந்தால் ஓடும்போது வராது. வெப் சர்வரான டாம்கேட் தரும் என்று நம்பி எழுதுவது அது. ‘சிஸ்டம்’ ஸ்கோப் போட்டு ‘லிப்’ ஃபோல்டர் ஜாரைக் காட்டுவது பழைய ஆன்ட் புராஜெக்டை மேவனுக்கு மாற்றும்போது எல்லோரும் பிடிக்கும் குறுக்கு வழி. கம்பைல் ஆகும், டாம்கேட்டில் போடும் வார் ஃபைலுக்குள் ஜார் போகாது. ‘இன்ஸ்டால்-ஃபைல்’ கோல் மூலம் அந்த ஜாரை லோக்கல் ரெப்பாசிட்டரியில் பதிந்து, சாதாரண டிபென்டன்சியாக (புராஜெக்டுக்கு வேண்டிய லைப்ரரியாக) எழுதுங்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இதைச் செய்ய வேண்டியிருக்கும் என்பது தொல்லைதான். ஆனாலும் ‘சிஸ்டம்’ ஸ்கோப்பைவிடத் தேவலை.

இல்லாத கிளாஸின் பெயர் ‘ஜாவாக்ஸ்’ என்று தொடங்கினால் தனிக் கதை. ‘ஜாவாக்ஸ் எக்ஸ்எம்எல் பைண்ட்’ ஜாவா 11-ல் நீக்கப்பட்டது. டிபென்டன்சியாகத் தனியே சேருங்கள். ‘ஜாவாக்ஸ் சர்வ்லெட்’ என்றால் டாம்கேட் பதிப்பைப் பாருங்கள். டாம்கேட் 9 வரை ‘ஜாவாக்ஸ்’, 10 முதல் ‘ஜகார்த்தா’. சீனியர் புராஜெக்டைப் புதிய டாம்கேட்டில் போட்டால் ஒரு சர்வ்லெட்டும் எழாது. டெமோ நாளைக்கே என்றால் டாம்கேட் 9-ஐப் போடுங்கள், கோடை மாற்றுவது அப்புறம்.

அறிகுறி: கிளாஸ் இருக்கிறது, மெத்தட் இல்லை என்கிறது

‘நோ சச் மெத்தட் எரர்’. டூல்களைக் கலந்ததன் நேரடி விளைவு இதுதான். ரப்பர் கணக்குப் புராஜெக்டையே பார்ப்போம்.

எக்செல் ஃபைல் எழுத அப்பாச்சி பிஓஐ. அதன் 5.2 வரிசையில் பின்னால் வந்த வெளியீடுகளுக்குக் காமன்ஸ் ஐஓ என்ற இன்னொரு லைப்ரரியின் புதிய பதிப்பு வேண்டும். போமில் ஏற்கெனவே யாரோ காமன்ஸ் ஐஓ 2.11 என்று நேரடியாக எழுதியிருக்கிறார்கள்.

மேவன்: டிபென்டன்சி மரத்தில் (எந்த லைப்ரரி எதைக் கொண்டுவருகிறது என்ற கிளைப் பட்டியல்) யார் கிட்டத்தில் இருக்கிறாரோ அவரை எடுக்கும். நேரடியாக எழுதிய 2.11 ஒரு படி, பிஓஐ வழியாக வரும் புதியது இரண்டு படி. 2.11 ஜெயிக்கும், மாதக் கடைசி எக்செல் விழும். இரண்டும் ஒரே தூரத்தில் இருந்தால் ஃபைலில் முதலில் எழுதியது ஜெயிக்கும். வரிகளை மேலே கீழே மாற்றியதும் புராஜெக்ட் ‘தானாகச் சரியாவது’ இதனால்தான்.

கிரேடில்: உயர்ந்த எண்ணை எடுக்கும். அதே டிபென்டன்சிகள், எந்தக் கோளாறும் இல்லாமல் ஓடும். ஐவியும் வேறு சொல்லாவிட்டால் புதியதையே எடுக்கும்.

ஆன்ட்: எதையும் தேர்ந்தெடுக்காது. ‘லிப்’பில் இரண்டும் கிடந்தால் இரண்டும் கிளாஸ்பாத்தில் போகும், முதலில் வருவது ஓடும். ‘லிப்/*’ எந்த வரிசையில் விரியும் என்பதற்கு ஜாவா எந்த உறுதியும் தருவதில்லை. அலுவலக விண்டோஸில் ஓடி, வாடிக்கையாளரின் லினக்ஸ் சர்வரில் விழுவது இப்படித்தான்.

கிரேடிலில் ‘ஃபைல் ட்ரீ’ போட்டுப் பழைய ‘லிப்’ ஃபோல்டரை அப்படியே இழுத்துவந்தால் அதன் நல்ல குணமும் போய்விடும். கையால் வைத்த ஜாருக்குப் பதிப்பு எண் என்று கிரேடிலுக்கு ஒன்றும் தெரியாது, ஃபைல் பெயரில் எண் இருந்தாலும் சரி. மோதல் என்றே அதற்குத் தோன்றாது; ரெப்பாசிட்டரியிலிருந்து வந்ததும் ‘லிப்’பில் இருந்ததும் இரண்டும் உள்ளே வரும். கலப்புப் புராஜெக்டில் முதலில் சந்தேகப்பட வேண்டிய வரி இதுதான்.

சோதிக்கும் முறை:

1. எரரில் வந்த கிளாஸின் முழுப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். மெத்தட் பெயர் அப்புறம்.

2. புரோகிராமை ‘-வெர்போஸ்:கிளாஸ்’ ஆப்ஷனோடு ஓட்டி, வெளியீட்டை ஒரு ஃபைலுக்கு அனுப்பி, அந்தக் கிளாஸைத் தேடுங்கள். ஜாவா 8-ல் ‘லோடட் … ஃப்ரம்’ என்றும், 9 முதல் ‘சோர்ஸ்:’ என்றும் ஜாரின் பாதை அதே வரியில் இருக்கும். அந்தப் பாதைதான் சாட்சி. போம் என்ன சொல்கிறது என்பது இனி முக்கியமில்லை.

3. அந்த ஜாரைக் கொடுத்து ‘ஜாவாப்’ கட்டளையால் கிளாஸைத் திறந்து பாருங்கள். காமன்ஸ் ஐஓ 2.11-ல் ‘அன்சின்க்ரனைஸ்ட் பைட் அர்ரே அவுட்புட் ஸ்ட்ரீம்’ கிளாஸ் இருக்கும், ‘பில்டர்’ மெத்தட் இருக்காது, அது 2.12-ல்தான் வந்தது. 2.7-க்கும் பழைய ஜார் என்றால் கிளாஸே இருக்காது, எரரும் ‘நோ கிளாஸ் டெஃப்’ என்று மாறும். ஒரே நோய்தான், ஜாரின் வயதுக்கேற்ப வேறு முகம் காட்டுகிறது.

4. பாதை லோக்கல் ரெப்பாசிட்டரியைக் காட்டினால், மேவனில் ‘டிபென்டன்சி:ட்ரீ’யை வெர்போஸாக, கிரேடிலில் ‘டிபென்டன்சி இன்சைட்’டை ‘ரன்டைம் கிளாஸ்பாத்’ கான்ஃபிகரேஷனுக்குக் கேளுங்கள். யார் கொண்டுவந்தது, யார் தோற்றது என்று பெயரோடு வரும். பாதை ‘லிப்’பைக் காட்டினால் மரத்தில் தேடுவது வீண்.

தீர்வும் அதே வரிசையில். ‘லிப்’பில் உள்ள இரட்டையை அழிப்பது. நேரடியாக எழுதிய பழைய எண்ணை நீக்குவது, அல்லது ‘டிபென்டன்சி மேனேஜ்மென்ட்’டில் புதிய எண்ணை நிறுத்துவது, கிரேடிலில் அதற்கு ‘கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்’. கடைசியாக ‘எக்ஸ்க்லூஷன்’, அதாவது வேண்டாத டிபென்டன்சியை விலக்குவது. கண்ட இடத்திலெல்லாம் எக்ஸ்க்லூஷன் போட்டு வைத்தால் அடுத்த ஆறு மாதத்தில் ஏன் போட்டோம் என்று ஒருவருக்கும் நினைவிருக்காது.

மரம் சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் இரண்டு ஜாரில் ஒரே கிளாஸ் என்றால், லைப்ரரி இடையில் பெயர் மாறியிருக்கிறது. பழைய ‘ஏஎஸ்எம்’ குரூப்பும் புதிய ‘ஓஆர்ஜி.ஓடபிள்யூ2.ஏஎஸ்எம்’ குரூப்பும் டூலின் கண்ணுக்கு வேறு வேறு லைப்ரரி. ‘சர்வ்லெட்-ஏபிஐ’, ‘ஜாவாக்ஸ்.சர்வ்லெட்-ஏபிஐ’ இரண்டும் அப்படியே. பழைய பெயரை விலக்குங்கள்.

மெத்தட் இல்லை என்று சொல்லப்படும் கிளாஸ் ஜாவாவினுடையதாகவே இருந்தால் (‘பைட் பஃபர்’ அடிக்கடி வரும்), ஜாவா 9-லோ அதற்கு மேற்பட்டதிலோ கம்பைல் செய்து 8-ல் ஓட்டுகிறீர்கள். ‘சோர்ஸ்’, ‘டார்கெட்’ போட்டால் போதாது. ‘ரிலீஸ்’ ஆப்ஷன் போடுங்கள்.

அறிகுறி: கிளாஸ் ஃபைல் பதிப்பு பொருந்தவில்லை

‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர்’. எரரில் வரும் எண் 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. பெரிய எண் கம்பைல் செய்தது, சின்ன எண் ஓட்டுவது. ஆரம்பத்தில் சொன்ன ஜாவா சோதனையைச் செய்தவருக்கு இது பெரும்பாலும் வராது.

அறிகுறி: தனியாக ஓடும் ஆன்ட், மேவனுக்குள்ளோ கிரேடிலுக்குள்ளோ விழுகிறது

‘ஃபெயில்ட் டு கிரியேட் டாஸ்க் ஆர் டைப் இஃப்’ என்று வந்தால், ஆன்டுக்குக் கூடுதல் டாஸ்க்குகள் தரும் ஆன்ட்-கான்ட்ரிப் ஜார் இல்லை. முன்பு வேலை செய்தவரின் கம்ப்யூட்டரில் அது ஆன்ட் ஹோமின் ‘லிப்’பிலோ, அவரது ஹோம் டைரக்டரியில் உள்ள ஆன்ட் ஃபோல்டரிலோ கிடந்திருக்கும், புராஜெக்டோடு வந்திருக்காது. மேவனில் ‘ஆன்ட்ரன்’ பிளக்இன் வழியாக ஓட்டினால் அந்த ஜாரை பிளக்இன்னுக்கு உள்ளே இருக்கும் டிபென்டன்சிஸ் பகுதியில் எழுத வேண்டும். புராஜெக்டின் டிபென்டன்சியில் எழுதிவிட்டு மணிக்கணக்கில் தேடுபவர்கள் அதிகம். கிரேடிலில் ஒரு தனி கான்ஃபிகரேஷன் வைத்து, அதன் பாதையை ‘டாஸ்க்டெஃப்’பின் கிளாஸ்பாத்தாகக் கொடுங்கள்.

‘ஆன்ட்ரன்’னிலிருந்து வேறொரு பில்ட் எக்ஸ்எம்எல்லைக் கூப்பிடும்போது மேவனின் கிளாஸ்பாத் ரெஃபரன்ஸ்கள் அங்கே போய்ச் சேராது, ஆன்ட் ரெஃபரன்ஸை இயல்பாகக் கடத்துவதில்லை. ‘மேவன்.கம்பைல்.கிளாஸ்பாத்’தை ஒரு ப்ராப்பர்ட்டியாக மாற்றுங்கள். ப்ராப்பர்ட்டி போகும்.

கிரேடிலில் பில்ட் எக்ஸ்எம்எல்லை இம்போர்ட் செய்ததும் ‘கிளீன்’ டாஸ்க் ஏற்கெனவே இருக்கிறது என்றால், இம்போர்ட் செய்யும்போதே ஆன்ட் டார்கெட்களுக்கு ஒரு முன்னொட்டுப் பெயர் கொடுங்கள்.

‘இன்க்லூட் ஆன்ட் ரன்டைம் வாஸ் நாட் செட்’ என்ற எச்சரிக்கையை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ‘ஃபால்ஸ்’ போட்டுவிடுங்கள். போடாவிட்டால் ஆன்டின் சொந்த ஜார்கள் உங்கள் கம்பைலுக்குள் கலக்கும். ஆன்டின் ‘ஜாவா’ டாஸ்கில் ‘ஃபோர்க்’ இல்லாமல் ஓட்டுவதும் அப்படியே: ஆன்டுக்குள் ஓடும், வெளியே ஓடாது.

அறிகுறி: எல்லாவற்றையும் ஒரே ஜாரில் அடைத்த பிறகு விழுகிறது

‘நோ சூட்டபிள் டிரைவர்’ என்றால் பல ஜார்களில் ‘மெட்டா-இன்ஃப்’ உள்ளே இருந்த ஒரே பெயருள்ள ‘சர்வீசஸ்’ ஃபைல்கள் ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டிருக்கின்றன. இப்படி ஒரே ஜாரில் அடைக்கும் மேவன் ஷேட் பிளக்இன்னில் ‘சர்வீசஸ் ரிசோர்ஸ் டிரான்ஸ்ஃபார்மர்’ சேருங்கள். ‘இன்வேலிட் சிக்னேச்சர் ஃபைல்’ என்றால் அதே இடத்தில் உள்ள எஸ்எஃப், டிஎஸ்ஏ, ஆர்எஸ்ஏ ஃபைல்களை விலக்குங்கள்.

அறிகுறி: ஒரு கிளாஸை அதே கிளாஸாக மாற்ற முடியாது என்கிறது

‘கிளாஸ் காஸ்ட் எக்செப்ஷன்’, இரண்டு பக்கமும் ஒரே பெயர். ஒரே கிளாஸை இரண்டு லோடர்கள் தனித்தனியே ஏற்றியிருக்கின்றன. டாம்கேட்டின் ‘லிப்’பிலும் வார் ஃபைலுக்குள்ளும் ஒரே ஜார் இருந்தால் உள்ளே இருப்பதை எடுத்து, ஸ்கோப்பை ‘புரொவைடட்’ ஆக்குங்கள். அதற்கும் தீராவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். லோடர் வரிசையைத் தொட்டால் அதே சர்வரில் ஓடும் மற்ற அப்ளிகேஷன்களும் ஆடும். சர்வரைப் பராமரிப்பவரோடு உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை அது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது

மேலே சொன்ன லோடர் சிக்கல் ஒன்று. வாடிக்கையாளரின் தனி ரெப்பாசிட்டரி மூடப்பட்டு, ஒரு ஜார் எங்குமே கிடைக்காமல் போவது இரண்டு. இதில் நாம் தேடிப் பயனில்லை, அவர்கள்தான் தர வேண்டும். அதே பெயரில் வேறெங்கோ கிடைத்ததை இறக்கிப் போட வேண்டாம். விலைக்கு வாங்கிய ஜாருக்குள் வேறு லைப்ரரி பெயர் மாற்றாமல் அடைக்கப்பட்டிருப்பது மூன்று. ‘ஜார்’ கட்டளையால் உள்ளடக்கத்தைப் பட்டியலிட்டால் அது தெரியும். அந்த லைப்ரரியின் பெயர்வெளியை மாற்றி மறுபடி அடைப்பது, லைசென்ஸையும் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. விற்றவரிடம் திருத்திய ஜார் கேட்பதுதான் மலிவு.

கூப்பிடும்போது ஸ்கிரீன்ஷாட் அனுப்பாதீர்கள். மூன்று டூலும் சொன்ன ஜாவா பதிப்பு, முழு ஸ்டாக் ட்ரேஸ் டெக்ஸ்டாக, ‘வெர்போஸ் கிளாஸ்’ வெளியீட்டில் அந்த ஒரு வரி, டிபென்டன்சி மரம், ‘லிப்’ ஃபோல்டரின் ஃபைல் பட்டியல் அளவோடு. இவை போதும். மேவன் செட்டிங்ஸ் ஃபைலையும் கேட்டால், அதில் ரெப்பாசிட்டரி பாஸ்வேர்டு இருக்கும். அந்த வரியை அழித்துவிட்டு அனுப்புங்கள்.